திருகோணமலையில் இருந்தபடி லண்டன் வீட்டுக்கு ஈபிசி எடுப்பது எப்படி

லண்டனில் இருந்து திரும்பியபோது கொண்டுவந்த சூட்கேஸ்களில் ஒன்றாவது இன்னும் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் கிடக்கும். முதலில் அதை இறக்குங்கள். அந்த வீட்டுச் சுவருக்குள் சூடு வெளியே போகாமல் இருக்கப் பஞ்சு அடைத்த பற்றுச்சீட்டு, ஜன்னல் மாற்றிய சான்றிதழ், பொயிலர் பூட்டியபோது தந்த தாள் என்று என்ன இருந்தாலும் மேசையில் பரப்பிவிட்டுப் பிறகு இதை வாசியுங்கள். ஏனென்றால் ஈபிசி என்ற எரிசக்திச் சான்றிதழில் உங்கள் வீடு என்ன தரம் வாங்கும் என்பதில் பாதி அங்கே சுவரிலும் கூரையிலும் இருக்கிறது, மற்றப் பாதி இங்கே உங்கள் கையில் உள்ள கடதாசியில் இருக்கிறது.

உவர்மலையிலும் உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் என்னைப் போல ஆட்கள் இருக்கிறார்கள். இருபது முப்பது வருடம் இங்கிலாந்தில் உழைத்து ஒரு வீடு வாங்கி, பிள்ளைகள் தங்கள் காலில் நின்றதும் ஊருக்கு வந்துவிட்டவர்கள். அங்குள்ள வீட்டை வாடகைக்கு விட்டிருப்பார்கள், அல்லது விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தில் பதிவேடே வேறு, அங்கேயும் வட அயர்லாந்திலும் சில விதிகளும் வேறு. கிளாஸ்கோவில் வீடு வைத்திருப்பவர்கள் அங்குள்ள விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

ஈபிசி என்றால் வீட்டின் எரிசக்தித் திறன் சான்றிதழ். வீட்டைச் சூடாக்க, சுடுதண்ணீர் வைக்க, லைட் எரிக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்த்து, வீட்டின் அளவோடு ஒப்பிட்டு ஒரு எண் கொடுப்பார்கள், அந்த எண்ணுக்கு ஏற்ப ஏ முதல் ஜி வரை ஒரு எழுத்து. 92 அல்லது அதற்கு மேல் ஏ, 81 முதல் 91 வரை பி, 69 முதல் 80 வரை சி, 55 முதல் 68 வரை டி, 39 முதல் 54 வரை ஈ, 21 முதல் 38 வரை எஃப், அதற்குக் கீழே ஜி. இங்கே மின்குமிழ்ப் பெட்டியிலும் மின்விசிறிப் பெட்டியிலும் நட்சத்திரம் போட்ட லேபல் பார்த்திருப்பீர்கள், அதே யோசனையை முழு வீட்டுக்கும் செய்ததுபோல. திருகோணமலையில் வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ இப்படியொரு தாளை யாரும் கேட்பதில்லை, அதனால் ஊருக்கு வந்து சில வருடம் ஆனதும் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. எனக்கு மறந்துபோனது.

இங்கிலாந்தில் இது 2007இல் விற்கும் வீடுகளுக்கு வந்தது, 2008 ஒக்டோபரில் இருந்து வாடகை வீடுகளுக்கும் வந்தது. ஒரு முறை எடுத்தால் பத்து வருடம் செல்லும். இடையில் வீட்டை எத்தனை பேருக்கு வாடகைக்கு விட்டாலும் அதே சான்றிதழைக் காட்டலாம். விற்பவரோ வாடகைக்கு விடுபவரோதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்க வருபவரிடமோ குடியிருக்க வருபவரிடமோ அந்தக் காசைக் கேட்க முடியாது. வீட்டைச் சந்தைக்கு விடுவதற்கு முன்பே சான்றிதழுக்கு ஒழுங்கு செய்திருக்க வேண்டும், விளம்பரத்திலும் அந்தத் தரத்தைப் போட வேண்டும். போடாவிட்டால் 200 பவுண் தண்டம் வரலாம்.

விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, இதில் கனக்கப் பேர் குழம்புகிறார்கள். விற்பதற்கு இவ்வளவு தரம் வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடும் இல்லை. ஜி தரத்து வீட்டையும் விற்கலாம், சான்றிதழ் இருந்தால் போதும். வாடகை என்றால் குறைந்தது ஈ இருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் புதிய வாடகைகளுக்கும், 2020 ஏப்ரலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாடகைகளுக்கும் இந்த விதி வந்தது. எஃப், ஜி தரத்து வீட்டை விலக்கு எதுவும் பதியாமல் வாடகைக்கு விட்டால் 5,000 பவுண் வரை தண்டம். 2030ஐ ஒட்டி வாடகை வீட்டுக்கு இதைச் சி ஆக உயர்த்தும் திட்டத்தையும் அந்த நாட்டு அரசாங்கம் முன்வைத்திருக்கிறது. அதனால் இப்போது ஈ இருக்கிறது, போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

சொந்த வீட்டில் தானும் இருந்துகொண்டு ஒரு அறையை மட்டும் யாருக்காவது கொடுத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. நம் ஆட்களில் நிறையப் பேர் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் பயப்பட வேண்டாம். அதேபோல் எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேறு, மின்சாரப் பரிசோதனை அறிக்கை வேறு, இது வேறு. எரிவாயுச் சான்றிதழை வாடகைக்கு விடுபவர் வருடா வருடம் எடுக்க வேண்டும், மின்சார அறிக்கை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. “எல்லாம் செய்தாச்சு” என்று ஏஜென்ட் சொன்னால் எது எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

என் வீட்டில் நடந்தது

ஹரோவில் எங்கள் வீடு. 1930களில் கட்டிய, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. 2011இல் சுவருக்குள் பஞ்சு அடைத்தோம், அதே கிழமை கூரைக்குக் கீழே உள்ள லொஃப்டிலும் மொத்தமாகப் பஞ்சு விரித்தோம். அந்த வருடக் குளிர்காலத்தில்தான் பிள்ளைகள் படிக்கும்போது ஜக்கெட் போடாமல் இருந்தார்கள். ஊருக்கு வந்து, பழைய சான்றிதழ் காலாவதியாகி, 2023இல் வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட வேண்டி வந்தபோது ஏஜென்ட் தானே ஆள் பிடித்து ஈபிசி எடுத்துத் தந்தார். வந்தது 52, ஈ. சட்டத்துக்கு இது போதும், விடுங்கள் என்றார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. சான்றிதழை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சுவர் என்ற வரியில் பஞ்சு இல்லை என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘அஸ்யூம்ட்’ என்று இருந்தது. அனுமானம். கூரை என்ற வரியிலும் அதே சொல். வந்தவர் பார்க்கவில்லை, பார்க்க முடியாததை இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார். ஹரோவில் இருக்கும் அண்ணரின் மகனிடம் போய்ப் பார்க்கச் சொன்னேன். “மாமி, லொஃப்டுக்கு ஏறுற கதவுக்கு மேல பெயின்ட் அடிச்சு ஒட்டிப் போயிருக்கு, கீழ வேற அலுமாரி ஒண்டு நிக்குது, அந்த ஆள் எப்படிப் பார்த்திருப்பார்?” என்றான். வீட்டைப் புதுசாக்கப் பெயின்ட் அடித்தபோது மூடிவிட்டார்கள். பஞ்சு அடைத்ததற்கான உத்தரவாதப் பத்திரமோ உவர்மலையில், சூட்கேசுக்குள், வீட்டு உறுதிக்குக் கீழே இருந்தது.

அந்தப் பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்து அனுப்பி, கதவைத் திறந்து வைத்து, வேறொரு மதிப்பீட்டாளரை நானே பிடித்து மறுபடி எடுத்தேன். 66, டி. வீட்டில் ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை. அதே வீடு, அதே சுவர்.

ஏன் இப்படி ஆகிறது

மதிப்பீட்டாளர் சுவரில் துளை போட மாட்டார், தரையைக் கிளப்ப மாட்டார். கண்ணால் பார்க்கக்கூடியதைப் பார்த்து, அளந்து, படம் எடுத்துக்கொண்டு போவார். பார்க்க முடியாத இடத்துக்கு ஆதாரம் இருந்தால் அதைச் சேர்ப்பார், இல்லாவிட்டால் அந்த வீடு எந்தக் காலத்தில் கட்டியதோ அந்தக் காலத்து வீடு வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும் என்று கணக்கில் போடுவார். அது அவருடைய குணமல்ல, விதி அப்படி. நீங்கள் தொலைபேசியில் “நாங்கள் பஞ்சு அடைத்தோம் தம்பி” என்று எத்தனை தரம் சொன்னாலும் வாய்ச்சொல்லை அவர் எழுத முடியாது. தாளில் உங்கள் வீட்டு விலாசம் இருக்க வேண்டும், என்ன வேலை செய்தார்கள் என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கணக்கு உங்கள் பில்லைப் பார்ப்பதில்லை. நாங்கள் சிக்கனமாக இருந்தோம், எங்கள் காஸ் பில் குறைவு என்று காட்டுவதில் பயனில்லை, ஏனென்றால் யார் இருந்தாலும் ஒரே மாதிரிப் பாவிப்பார்கள் என்று வைத்துத்தான் எல்லா வீட்டுக்கும் கணக்குப் போடுகிறார்கள். செலவை வைத்துக் கணக்குப் போடுவதால் மின்சார ஹீட்டர் மட்டும் உள்ள பிளாட்டுக்கு எண் விழும். அங்கே ஒரு யூனிட் மின்சாரம், அதே அளவு எரிவாயுவைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை.

எந்தக் கடதாசி எதற்கு

சுவரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிக புள்ளி போவது அங்கேதான். 1920களுக்கு முன் கட்டிய வீடென்றால் பெரும்பாலும் முழுச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி இருக்காது. ஈஸ்ட்ஹாமிலும் வோல்தம்ஸ்டோவிலும் வரிசை வரிசையாக இருக்கும் பழைய வீடுகள் அப்படித்தான். அதற்குப் பிந்திய வீடுகளில் இரண்டு சுவருக்கு நடுவே இடைவெளி இருக்கலாம், அதற்குள் பஞ்சு அடைத்திருந்தால் பெரும்பாலும் சிகா என்று சொல்லும் அமைப்பின் 25 வருட உத்தரவாதப் பத்திரம் தந்திருப்பார்கள். அதைத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் விலாசத்தைக் கொடுத்து அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், பதிவு இருந்தால் பிரதி எடுக்க வழி உண்டு. அதுவும் இல்லையென்றால் சுவரின் வெளிப்பக்கத்தை யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். பஞ்சு ஊதியவர்கள் செங்கல்களுக்கு இடையே சீமெந்தில் ஒழுங்கான இடைவெளியில் துளை போட்டு மூடியிருப்பார்கள், வட்டம் வட்டமாக நிறம் மாறித் தெரியும். அந்த அடையாளத்தை மதிப்பீட்டாளரிடம் காட்டினால் அவரும் பார்த்துப் பதிவார்.

கூரைக்குக் கடதாசியைவிடக் கதவு முக்கியம். லொஃப்டுக்கு ஏறும் கதவு திறக்க வேண்டும், கீழே ஏணி வைக்க இடம் வேண்டும். அவர் தலையை நீட்டி பஞ்சின் தடிப்பை அளப்பார், அவ்வளவுதான். 270 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது என்பார்கள். பலகை அடித்து மேலே சாமான் அடுக்கி வைத்திருந்தால் ஒரு ஓரத்திலாவது பஞ்சு தெரியும்படி விலக்கி வைக்கச் சொல்லுங்கள்.

நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு செய்த ஒரு வேலை லொஃப்டை அறையாக்கியது, மற்றது பின்பக்கம் குசினியை நீட்டியது. இவற்றுக்குக் கவுன்சில் தந்த நிறைவுச் சான்றிதழ் மிகவும் பெறுமதியானது, ஏனென்றால் அந்தப் பகுதியை எந்த வருடம் கட்டியது என்று அது சொல்கிறது. 2008இல் செய்த அறையென்றால் அந்த வருடத்துக் கட்டட விதிப்படி பஞ்சு வைத்திருப்பார்கள் என்று கணக்கில் போடுவார்கள். வருடத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் பழைய வீட்டோடு சேர்த்துப் பழையதாகவே போய்விடக்கூடும். தாள் தொலைந்திருந்தால் கவுன்சிலில் பிரதி கேட்கலாம்.

ஜன்னலுக்கு ஃபென்சா சான்றிதழ். 2002க்குப் பிறகு பதிவு பெற்றவர்கள் மாற்றிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களுக்கு இது தந்திருப்பார்கள், இதற்கும் பிரதி வாங்கலாம். 2025 ஜூன் 15இல் இருந்து கணக்கிடும் முறை மாறியிருக்கிறது, ஜன்னல்களை ஒவ்வொன்றாக அளக்கிறார்கள், ஆகவே முன்பைவிட வருபவர் அதிக நேரம் நிற்பார். முன்பு எடுத்தபோது இவ்வளவு நேரம் நிற்கவில்லையே என்று வாடகைக்கு இருப்பவர் குறைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

பொயிலருக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், அதன் பெயரும் மொடலும் தெரிந்தால் போதும், அவர் பட்டியலில் தேடி அதன் திறனை எடுத்துக்கொள்வார். பெயர்ப் பலகை மங்கிப்போயிருந்தால் அதோடு வந்த கையேட்டைக் காட்டுங்கள்.

இவ்வளவையும் வெளிச்சமான இடத்தில் வைத்து, விலாசம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து ஒரே மின்னஞ்சலில் மதிப்பீட்டாளருக்கு அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் அவர் கணக்குப் போடும் நேரத்தில் அரைவாசி கண்ணில் படாது. மூல தாள்களை இங்கேயே பத்திரமாக வையுங்கள். என்.சி. வீதிப் பக்கமோ மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலோ எங்காவது ஒரு கடையில் ஸ்கான் பண்ணி எடுத்தால் இன்னும் நல்லது, கரையான் பிடித்தாலும் பிரதி மிஞ்சும். இங்கே மாரி மழைக் காலத்தில் அலுமாரிக்குள் கடதாசி என்ன பாடு படும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்

முதல் வேலை, ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பது. அரசாங்கத்தின் கவ் டொட் யூகே தளத்தில் எரிசக்திச் சான்றிதழ்ப் பதிவேடு இருக்கிறது, வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டால் அந்தத் தெருவில் உள்ள சான்றிதழ்கள் எல்லாம் வரும், உங்கள் கதவு இலக்கத்தை அமத்தினால் உங்கள் சான்றிதழ் திறக்கும். இலவசம். காசு கேட்கும் தளத்தில் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். இன்னும் காலம் இருந்தால், தரமும் போதுமென்றால், உங்களுக்கு வேலையே இல்லை, அதைத் தரவிறக்கிக் கொடுத்துவிடலாம்.

காலம் முடிந்திருந்தாலும் பழையதை விடாதீர்கள். அதில் ‘அஸ்யூம்ட்’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு பேனையால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டமும் நீங்கள் தேட வேண்டிய ஒரு கடதாசி. பக்கத்து வீடுகளின் சான்றிதழையும் திறந்து பாருங்கள், அதே காலத்தில் அதே ஆள் கட்டிய வீடென்றால் அவர்களுக்கு 70 வந்து உங்களுக்கு 52 வந்ததற்கு என்ன காரணம் என்று வரிக்கு வரி ஒப்பிடலாம். நான் அப்படித்தான் பிடித்தேன்.

பிறகு சின்ன வேலைகள். எரியும் லைட் எல்லாவற்றையும் எல்ஈடி ஆக்குங்கள். சுடுதண்ணீர்த் தாங்கி இருந்தால் அதற்கு 80 மில்லிமீற்றர் தடிப்பில் உறை போடுங்கள், சில பத்துப் பவுண்தான். ரேடியேற்றர்களில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இல்லையென்றால் பூட்டுவிக்கலாம், கூடத்தில் ஒரு தெர்மோஸ்டாட்டும் வேண்டும். பாவிக்காத புகைபோக்கி திறந்தே கிடந்தால் முறையாக அடைக்கச் சொல்லுங்கள், அதனால் போகும் காற்றும் கணக்கில் வருகிறது. சுவரில் நிரந்தரமாகப் பூட்டிய பழைய மின்சார நெருப்படுப்பு இருந்து அது தேவையில்லையென்றால் கழற்றிவிடுங்கள், அதை இரண்டாவது ஹீட்டராகக் கணக்கில் எடுப்பார்கள். திரைச்சீலை, கம்பளம், கையில் தூக்கிப் போகும் ஹீட்டர் எதற்கும் புள்ளி கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது.

கூரையின் உள்பக்கம் நுரை அடித்துத் தருகிறோம் என்று தொலைபேசியில் வருபவர்களை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கூரைக்கு நுரை அடித்த வீட்டுக்குக் கடன் கொடுக்க அங்கே பல வங்கிகள் தயங்குகின்றன, விற்கப் போகும்போது வாங்க வருபவருக்கு லோன் கிடைக்காமல் போய்விடும், பிறகு அதைச் சுரண்டி எடுக்க இன்னொரு செலவு. சுவருக்குள் பஞ்சு அடைப்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மழை நேரே அடிக்கும் சுவரென்றால் ஈரம் உள்ளே வரக்கூடும், அதற்கென்று பார்த்துச் சொல்லும் ஆளிடம் காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மதிப்பீட்டாளரைப் பிடிப்பது

அதே அரசாங்கத் தளத்தில் போஸ்ட்கோட் போட்டு அருகில் உள்ள அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்களைத் தேடலாம். ஏஜென்ட் மூலமாகத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நேரே பேசினால் சாதாரண வீடொன்றுக்குப் பெரும்பாலும் 60 பவுணுக்கும் 120 பவுணுக்கும் இடையில் முடியும், வீட்டின் அளவையும் இடத்தையும் பொறுத்து. நேரே பேசுவதில் எனக்குக் காசைவிட முக்கியமாகப் பட்டது வேறு: உங்கள் கடதாசிகள் கணக்குப் போடும் ஆளின் கைக்கே நேரே போகின்றன.

குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நாலரை. அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை அல்லது ஒன்றரை. சாப்பிட்டுச் சாய்வதற்கு முன் எடுத்துக் கதைத்துவிடலாம். கதைக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: என்னிடம் இந்த இந்த ஆதாரம் இருக்கிறது, எந்த முகவரிக்கு அனுப்புவது? ஏணி கொண்டு வருவீர்களா? பதிவேற்றுவதற்கு முன், எங்காவது ஆதாரம் போதாமல் அனுமானமாகப் போடுகிறீர்கள் என்றால் எனக்கு ஒரு சொல் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு மனம் வைத்துப் பதில் சொல்பவரைப் பிடியுங்கள். பதிவேற்றிவிட்டால் ஆகப் புதிய சான்றிதழே செல்லும், பழையது நல்லதாக இருந்தாலும் அதைக் காட்ட முடியாது.

வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாவது எழுத்தில் அறிவித்து, அவர்களுக்குத் தோதான நேரத்தை முதலில் கேளுங்கள். அது அவர்கள் வீடு, இப்போதைக்கு. எல்லா அறைக்கும் போக வேண்டும், பொயிலர் இருக்கும் அலுமாரியும் மீற்றர் பெட்டியும் லொஃப்ட் கதவும் மறைபடாமல் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் ஒருவருக்கும் சங்கடம் இல்லை. முடிந்தால் சொந்தக்காரர் ஒருவரை அங்கே நிற்கச் சொல்லுங்கள். மருமகன் அன்று போய் நின்றதால்தான் வெளிச்சுவரில் துளை அடையாளத்தைக் காட்ட முடிந்தது, அந்த ஆள் அதையும் படம் எடுத்துக்கொண்டார். சாதாரண வீட்டுக்கு முக்கால் மணியில் இருந்து ஒரு மணித்தியாலம், புதிய முறையில் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

சான்றிதழ் வந்ததும்

வழக்கமாகச் சில நாட்களில் பதிவேட்டில் ஏறிவிடும். உடனே திறந்து பாருங்கள். முதலில் பரப்பளவு. பின்பக்கம் நீட்டிய பகுதியை விட்டுவிட்டார்களா, லொஃப்ட் அறையைச் சேர்த்தார்களா என்று அதில் தெரியும். பிறகு சுவர், கூரை, ஜன்னல், பொயிலர், தரை என்று ஒவ்வொரு வரியும். பிழை இருந்தால் முதலில் மதிப்பீட்டாளரிடம் அமைதியாக எழுதிக் கேளுங்கள், அவருடைய பெயரும் தொடர்பும் சான்றிதழிலேயே இருக்கும். அவர் திருத்த மறுத்தால் அவருக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் பெயரும் அதே பக்கத்தில் இருக்கிறது, அங்கே முறையிடலாம். நான் முதல் சான்றிதழுக்கு முறையிடவில்லை, ஏனென்றால் கதவு மூடியிருந்தது எங்கள் பக்கத்துப் பிழை, தாளும் நான் கொடுக்கவில்லை. ஆதாரம் கொடுத்தும் சேர்க்காமல் விட்டிருந்தால் கட்டாயம் முறையிடுங்கள்.

வந்தது எஃப் அல்லது ஜி என்றால், வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் மேலே சொன்ன ஆதாரங்களைத் திரும்பத் தேடுங்கள். அதன் பிறகும் அப்படியே என்றால் சான்றிதழின் முடிவில் என்னென்ன வேலை செய்தால் எத்தனை புள்ளி கூடும் என்று பட்டியல் இருக்கும், அதன்படி செய்ய வேண்டும். அதற்கு ஒரு எல்லை உண்டு. வரியும் சேர்த்து 3,500 பவுணுக்குள் செய்யக்கூடியதைச் செய்தும் ஈ வரவில்லையென்றால் விலக்குக்குப் பதியலாம், அது ஐந்து வருடம் செல்லும். பிளாட் வைத்திருப்பவர்களுக்கு வெளிச்சுவரில் கை வைக்கக் கட்டடச் சொந்தக்காரர் அனுமதி வேண்டும், அவர் மறுத்தால் அதுவும் ஒரு விலக்குக் காரணம், ஆனால் மறுத்ததை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். விலக்கு தானாக வராது, அதற்கென்று உள்ள அரசாங்கப் பதிவேட்டில் நீங்கள்தான் பதிய வேண்டும், இங்கிருந்தபடி இணையத்திலேயே செய்யலாம்.

விற்பவர்களுக்கு எஃப் வந்தாலும் விற்பனை நிற்காது, ஆனால் வாடகைக்கு விடுவதற்கென்று வாங்க வருபவர் அந்த எழுத்தைப் பார்த்ததும் விலையைக் குறைக்கக் கேட்பார். எல்ஈடி, தாங்கி உறை, லொஃப்ட் பஞ்சு போன்றவற்றைச் செய்துவிட்டு எடுத்தால் பேரம் பேசும்போது உங்கள் பக்கம் கொஞ்சம் பலமாக இருக்கும். பெரிய செலவை, சூரியத் தகடு போன்றவற்றை, விற்கப் போகும் வீட்டில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அங்கே இருக்கப் போகிறவருக்கு உரிய செலவு.

கடைசியாக, சான்றிதழைத் தரவிறக்கி வாடகைக்கு வருபவருக்கு அவர் கையெழுத்து வைப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்புங்கள், அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள், கொடுத்ததற்கு அதுதான் சாட்சி. விற்பவர்கள் தங்கள் சொலிசிற்றருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். காலாவதித் திகதிக்கு ஆறு மாதம் முன்பு போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். என் சான்றிதழ் 2033 வரை செல்லும், ஆனால் சி தரத்துக்கு இன்னும் மூன்று புள்ளி தேவைப்படுவதால் அதற்கு முன்பே மறுபடி எடுக்கப் போகிறேன். வரும் சித்திரையில் மருமகன் ரேடியேற்றர் வால்வுகளை மாற்றுவிக்கிறான், பற்றுச்சீட்டில் வீட்டு விலாசத்தை முழுதாக எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.